பிக்கப் வண்டியில் பிரேக் பேட் ஒருபக்கமாகத் தேய்கிறதா? பழைய பேடை வைத்தே காரணம் கண்டுபிடிக்கலாம்

முன் வீல் பேட் மாற்றி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, அதற்குள் கிறீச் சத்தம் கேட்கும். கழற்றிப் பார்த்தால் நான்கு பேடில் ஒன்று மட்டும் இரும்புத் தகடு வரை தேய்ந்திருக்கும். மற்ற மூன்றும் பாதிக்கு மேல் இருக்கும். அவசரத்தில் நான்கையும் தூக்கி எறிந்துவிட்டுப் புது செட் மாட்டி வண்டியை அனுப்பிவிடுகிறோம். அடுத்த ஆறு மாதத்தில் அதே பேட் அதே இடத்தில் மறுபடி தேய்ந்து நிற்கும். பேடைச் சுற்றியிருக்கும் ஏதோ ஒன்று நகர வேண்டிய நேரத்தில் நகரவில்லை என்றுதான் அர்த்தம். எது நகரவில்லை என்பதைத் தேய்ந்த பேடே காட்டிக்கொடுக்கும். அதனால் பழைய பேடைக் குப்பையில் போடும்முன் ஐந்து நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் நம் ஊரில் ஓடும் லோடு பிக்கப்புகளுக்கு: பொலேரோ பிக்கப், யோதா, தோஸ்த், டி-மேக்ஸ் மாதிரி முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள வண்டிகள்.

கழற்றும்முன்

சமதரையில் நிறுத்தி, பின் வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டு போட்டே ஆக வேண்டும். ஜாக்கி சரிந்தால் லோடு வண்டியின் எடை யாரையும் பிழைக்க விடாது.

வீலைக் கழற்றியதும் பேடின் முதுகில் மார்க்கரால் எழுதிவிடுங்கள்: இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி. எந்த முனை மேலே இருந்தது என்பதற்கு ஒரு அம்புக்குறியும் போடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாவிட்டால் கீழே எழுதியிருப்பது எதுவும் உங்களுக்குப் பயன்படாது. நான்கு பேடும் தரையில் கலந்து கிடந்தால் எது எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் வெர்னியர் வைத்து ஒவ்வொரு பேடிலும் இரண்டு முனையிலும் கனத்தை அளந்து எழுதுங்கள். தகட்டைச் சேர்க்காமல், உராயும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். புதிதில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். 3 மில்லிக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பேடுக்குப் பேடு 1 மில்லி வித்தியாசம் இருந்தால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. 2 மில்லியைத் தாண்டினால் காரணம் தேடாமல் புது பேட் மாட்டுவதில்லை.

பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அது நேராக நுரையீரலுக்குப் போகும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். காலிப்பரை, அதாவது பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகத்தை, பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டு மேலே கட்டி வையுங்கள்.

உள் பேட் தேய்ந்துவிட்டது, வெளிப் பேட் அப்படியே இருக்கிறது

அதிகமாக வருவது இதுதான். இதைப் புரிந்துகொள்ள காலிப்பர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். இந்த வண்டிகளில் பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே இருக்கிறது. பெடலை மிதித்ததும் பிஸ்டன் உள் பேடை டிஸ்க்கில் அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் கைடு பின்களின் மேல் வழுக்கி உள்ளே வந்து, வெளிப் பேடையும் டிஸ்க்கோடு இழுத்துப் பிடிக்கும். கைடு பின் துருப்பிடித்து இறுகிவிட்டால் காலிப்பர் வழுக்காது. உள் பேட் மட்டும் பாரம் சுமந்து கரையும், வெளிப் பேட் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதே அடையாளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: பிஸ்டன் திரும்பிப் போகாமல் நிற்பது. பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சதுரமாக வெட்டிய ரப்பர் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது. பெடலை மிதிக்கும்போது அது பிஸ்டனோடு சேர்ந்து லேசாக முறுக்கிக்கொள்ளும். பெடலை விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னுக்குக் கொண்டுவரும். பிஸ்டன் மேல் துரு ஏறினாலோ சீல் கெட்டியாகிப் போனாலோ அந்த மயிரிழை நகர்வு நின்றுவிடும். உள் பேட் எந்நேரமும் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும்.

இரண்டில் எது என்று கையால் பார்த்தே சொல்லிவிடலாம். காலிப்பரைப் பிரித்தபின் கைடு பின் ஒவ்வொன்றையும் விரலால் தள்ளி இழுத்துப் பாருங்கள். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி ஒரே சீராக நகர வேண்டும். சுத்தியலால் தட்டினால்தான் வருகிறது என்றால் குற்றவாளி அதுதான். பின்கள் நன்றாக நகர்ந்தால் அடுத்து பிஸ்டன். பழைய பேடைக் குறுக்கே வைத்து சி கிளாம்ப் போட்டு மெதுவாக உள்ளே தள்ளுங்கள். தொடங்கும்முன் மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் பிரேக் ஆயில் நிரம்பி இருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பியிருந்தால் பிஸ்டனைத் தள்ளும்போது வழியும், பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். ஒரே அழுத்தத்தில் பிஸ்டன் உள்ளே போனால் சரி. பாதியில் மக்கர் செய்தால் காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்து ஒருமுறை தள்ளிப் பாருங்கள். அப்போதும் முரண்டு பிடித்தால் பிஸ்டனைப் பிரித்தே ஆக வேண்டும். நிப்பிளைத் திறந்ததும் சுலபமாகப் போகிறது என்றால் சிக்கல் காலிப்பரில் இல்லை, ஹோஸ் பக்கம் இருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

பின்னும் நன்றாக இருக்கிறது, பிஸ்டனும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பேட் தேய்கிறது என்று குழம்ப வைக்கும் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

தூத்துக்குடி பக்கம் மீன் லோடு அடிக்கும் வண்டி ஒன்று வந்தது. ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் நாள் முழுக்கப் பெட்டியிலிருந்து சொட்டும், போதாததற்குக் கடல் காற்று. ஒரே வருடத்தில் இடது உள் பேட் இரண்டு முறை தகடு வரை தேய்ந்துவிட்டது. கைடு பின்னும் ரிப்பேர் கிட்டும் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. காலிப்பரைத் தூக்கிவிட்டுப் பேடைக் கையால் எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பியபின்தான் வந்தது. பேடின் காது உட்காரும் இடத்தில் ஒரு மெல்லிய எவர்சில்வர் கிளிப் இருக்கும் இல்லையா, மேலே பார்க்க அது பளபளவென்று இருந்தது. அதைக் கழற்றியதும் அடியில் பிராக்கெட்டின், அதாவது பேடைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின், துரு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது. கிளிப்புக்கு அடியில் துரு வளர வளர அது கிளிப்பை மேலே தூக்குகிறது. பேட் வழுக்கும் காடி குறுகுகிறது. கடைசியில் பேட் அதில் ஆணி அடித்ததுபோல் இறுகிவிடுகிறது. பேடை உள்ளே தள்ளப் பிஸ்டனுக்கு வலு உண்டு, திரும்ப வெளியே தள்ள அங்கே யாரும் இல்லை.

கம்பி பிரஷ்ஷும் அரமும் வைத்து, பச்சை இரும்பு தெரியும்வரை பிராக்கெட்டைச் சுத்தம் செய்து, புது கிளிப் போட்டேன். பேட் தன் எடையிலேயே காடியில் வழுக்கி இறங்கியது. அந்த வழுக்கல்தான் கணக்கு. பேட் இறுக்கமாக இருக்கிறது என்று அதன் காதை அரத்தால் ராவுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். துரு பிராக்கெட்டில்தான் இருக்கிறது. காதைத் தேய்த்தால் பேட் தளர்ந்து டக் டக் என்று அடிக்க ஆரம்பிக்கும்.

வெளிப் பேட் மட்டும் தேய்ந்திருக்கிறது

இங்கே பிஸ்டனைச் சந்தேகிக்க வேண்டாம். அது ஒழுங்காகத் திரும்பிப் போயிருக்கிறது. பெடலை மிதிக்கும்போது உள்ளே வந்த காலிப்பர், விட்டபின் தளர்ந்து விலகாமல் வெளிப் பேடை டிஸ்க்கில் ஒட்டியபடியே பிடித்திருக்கிறது. பெரும்பாலும் கைடு பின் முழுதாக இறுகியிருக்காது, பாதி இறுகியிருக்கும். பிரேக்கின் பலத்துக்கு நகரும், அந்தப் பலம் போனதும் நின்றுவிடும்.

பின்னை வெளியே எடுத்துத் துடைத்துப் பாருங்கள். சொரசொரப்பு, பள்ளம், கறுப்பாகக் காய்ந்த கிரீஸ், கிழிந்த ரப்பர் பூட் என்று ஏதாவது ஒன்று தென்படும். பூட் கிழிந்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பின்னையும் பூட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், விலை அதிகம் இல்லை.

கிரீஸ் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸைக் கைடு பின்னில் போடாதீர்கள். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. பூட், புஷ் எல்லாவற்றையும் ஊத வைத்து, நன்றாக இருந்த பின்னையும் இறுக்கிவிடும். பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸை வாங்குங்கள். சின்ன டியூப்பே பல வண்டிக்கு வரும். அதையும் மெல்லிதாகத்தான் பூச வேண்டும். துளை நிறையத் திணித்தால் பின்னை உள்ளே தள்ளும்போது கிரீஸுக்குப் போக இடமில்லாமல் அதுவே பின்னை வெளியே தள்ளும்.

இன்னொன்று, பல காலிப்பர்களில் இரண்டு பின்னும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும், அல்லது ஓரம் தட்டையாகச் சீவியிருக்கும். மேல் பின்னையும் கீழ் பின்னையும் மாற்றிப் போட்டால் புதிது என்றாலும் இறுகும். கழற்றும்போதே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

பேட் ஆப்பு மாதிரி சரிவாகத் தேய்ந்திருக்கிறது

ஒரு முனை 8 மில்லி, மறு முனை 4 மில்லி என்று இருந்தால் காலிப்பர் நேராக வராமல் கோணிக்கொண்டு வருகிறது. இரண்டு பின்னில் ஒன்று மட்டும் இறுகியிருக்கும், அல்லது துளை தேய்ந்து பின் ஆடும். இரண்டு பிஸ்டன் உள்ள காலிப்பராக இருந்தால் ஒரு பிஸ்டன் மட்டும் நின்றுபோயிருக்கலாம். அப்படியானால் உள் பேடில் வேலை செய்யும் பிஸ்டன் அழுத்தும் முனைதான் அதிகம் தேய்ந்திருக்கும். யாரையாவது பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லி, பிஸ்டன் இரண்டும் சேர்ந்து வெளியே வருகிறதா என்று பாருங்கள். பேட் மாட்டிய நிலையில் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். பேட் இல்லாமல் மிதித்தால் பிஸ்டன் வெளியே தெறித்துவிடும்.

டிஸ்க் சுற்றி வந்து முதலில் தொடும் முனை, மறு முனையைவிடச் சற்றே கூடுதலாகத் தேய்வது இயல்புதான். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நீளவாட்டில் இல்லாமல் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் கனம் மாறினால் டிஸ்க்கைப் பாருங்கள். பழைய டிஸ்க்கின் ஓரத்தில் தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும் விளிம்பில் புது பேட் ஏறி உட்கார்ந்திருக்கும். அல்லது வண்டிக்குப் பொருந்தாத பேடை மாட்டியிருப்பார்கள்.

ஒரு வீலில் இரண்டு பேடும் தேய்ந்துவிட்டன, எதிர் வீலில் புதிதாக இருக்கின்றன

இங்கே இரண்டு சாத்தியம். தேய்ந்த பக்கம் பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம், அல்லது தேயாத பக்கம் வேலையே செய்யாமல் இருக்கலாம். பெடலைத் தொடாமல் ஓட்டும்போது வண்டி தேய்ந்த பக்கம் இழுத்தால் முதலாவது. பிரேக் அடிக்கும்போது மட்டும் இழுத்தால் இரண்டாவதாக இருக்க வாய்ப்பு அதிகம். எதிர்ப் பக்கம் பிடிக்காததால், பிடிக்கிற பக்கத்துக்கு வண்டி வாங்குகிறது. அப்போது தேயாத பக்கத்துப் பேடில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கிறதா, பிஸ்டன் இறுகிவிட்டதா என்று பாருங்கள். தேய்ந்த பக்கத்தைக் குடைந்துகொண்டிருப்பதில் பயனில்லை.

பத்து கிலோமீட்டர் ஓட்டி, முடிந்தவரை பிரேக் தொடாமல் நிறுத்தி, இரண்டு முன் வீலின் சூட்டையும் ஒப்பிடுங்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் புறங்கையை அருகில் கொண்டுபோனாலே போதும், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்த வீல்தான் விடாமல் பிடிக்கிறது.

அந்த வீலைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருக்கும்போதே காலிப்பரின் நிப்பிளைக் கால் சுற்று திறந்துவிடுங்கள். திறந்தபின்னும் வீல் இறுக்கமாகவே இருந்தால் காலிப்பரில்தான் கோளாறு, மேலே சொன்ன கைடு பின், பிஸ்டன், பிராக்கெட் மூன்றையும் பாருங்கள். சட்டென்று ஆயில் பீச்சி வீல் லேசாகிவிட்டால் உள்ளே அழுத்தம் தேங்கியிருக்கிறது. நிப்பிளை மூடி, பெடலை மிதித்து மறுபடி இறுக வையுங்கள். இந்த முறை ரப்பர் ஹோஸுக்கு முன்னால் இரும்புக் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் வீல் விடவில்லை என்றால் அடைப்பு ஹோஸுக்குள்ளேதான்.

வெளியே பார்த்தால் அந்த ஹோஸில் ஒரு கீறல்கூட இருக்காது. உள் அடுக்கு உரிந்து, ஆயிலைப் போக விட்டுத் திரும்ப விடாத கதவு மாதிரி மாறியிருக்கும். சில வண்டிகளில் ஹோஸைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைக்கு அடியில் துரு சேர்ந்து ஹோஸையே நெரித்துவிடும். ஹோஸை எப்போதும் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இரண்டுக்கும் ஒரே வயது. மாற்றியபின் ஏர் எடுக்க மறக்காதீர்கள்.

இரண்டு முன் வீலும் சேர்ந்து இறுகினால் ஒவ்வொரு காலிப்பராகப் பிரிப்பது வீண் வேலை. பொதுவான இடத்தில் தேடுங்கள். மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் ராடில் துளி இடைவெளிகூட இல்லாமல் யாராவது டைட் செய்திருக்கலாம். அப்புறம் மாஸ்டர் சிலிண்டர் டப்பாவின் மூடியைத் திறந்து அதிலுள்ள ரப்பரைப் பாருங்கள். ஊதி, நெளிந்து, மூடிக்குள் திரும்ப உட்காராமல் இருந்தால் பிரேக் ஆயிலுக்குப் பதில் வேறு ஆயிலை யாரோ ஊற்றியிருக்கிறார்கள். ஸ்டீயரிங் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ கொஞ்சம் கலந்தாலே போதும், உள்ளே இருக்கும் அத்தனை ரப்பரும் ஊதிவிடும். கழுவி விட்டால் சரியாகும் என்று நம்ப வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், காலிப்பர் சீல், பின் வீல் சிலிண்டர் என்று ரப்பர் இருக்கும் எல்லாவற்றையும் மாற்றி, குழாய்களைச் சுத்தம் செய்ய வேண்டும். செலவு வலிக்கும். ஆனால் இதில் குறுக்கு வழி கிடையாது.

முன் பேட் சீக்கிரம் கரைகிறது, பின் லைனர் புதிதாகவே இருக்கிறது

முன் பின் சமமாகத் தேய வேண்டும் என்பதில்லை. முன்னால்தான் அதிகம் தேயும். ஆனால் மூன்று செட் முன் பேட் மாற்றியும் பின் டிரம்முக்குள் தேயும் லைனரில் கை வைக்கத் தேவையே வரவில்லை என்றால் பின் பிரேக் வேலை செய்யவில்லை. டிரம்மைக் கழற்றுங்கள். வீல் சிலிண்டர் துருப்பிடித்திருக்கலாம். லைனர் தேயத் தேயத் தானாக நெருங்கி வர வேண்டிய அட்ஜஸ்டர் இறுகியிருக்கலாம்.

அதெல்லாம் சரியாக இருந்தால், வண்டிக்கு அடியில் படுத்து லோடு சென்சிங் வால்வைப் பாருங்கள். சேஸியில் ஒரு வால்வு, அதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு கம்பி. லோடு ஏறினால் சேஸி அச்சை நோக்கி இறங்கும். கம்பி வால்வைத் திருப்பி, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வண்டி காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும். கம்பி கழன்று தொங்குவதும் துருவில் இறுகுவதும் சகஜம்.

ஆனால் கம்பி, வால்வு இரண்டும் நன்றாக இருந்தும் ஏமாற்றும் ஒரு நிலை உண்டு. அதிக லோடு ஏற்றுவதற்காகப் பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்ட வண்டிகளில் இதைக் கவனியுங்கள். பட்டை கூடியதால் இரண்டு டன் ஏற்றினாலும் சேஸி இறங்காது. சேஸி இறங்காததால் வால்வு வண்டி காலி என்றே கணக்குப் போடும். பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்தே வைக்கும். அத்தனை பாரத்தையும் முன் பேட் இரண்டு ஜோடியும் தாங்க வேண்டியிருக்கும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு இறங்கும் வண்டியில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அப்படிப்பட்ட வண்டியின் பேடைக் கழற்றினால் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கும், ஓரம் விரிசல் விட்டிருக்கும், டிஸ்க்கில் நீலத் திட்டுகள் தெரியும். அந்தச் சூட்டில் பழைய பிரேக் ஆயில் கொதித்துவிடும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 ஆயிலுக்கு 230. ஈரத்தை உறிஞ்சியபின் அவை 140, 155 வரை இறங்கிவிடலாம். கொதித்து ஆவியானால் பெடல் அடிவரை போகும், பிரேக் இருக்காது. மலைக்கு ஓடும் வண்டியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது கட்டாயம்.

பட்டை போட்ட வண்டியின் வால்வைப் பிரஷர் கேஜ் உள்ள இடத்தில் கொடுத்து செட் செய்ய வேண்டும். வால்வுக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடும் பழக்கம் உண்டு. லோடோடு போகும்போது பிரேக் நன்றாகப் பிடிப்பதாகத் தோன்றும். காலி வண்டியில் மழைநேரம் பிரேக் அடித்தால் பின் வீல் இறுகி வண்டி வாலைச் சுழற்றிவிடும். நல்லது, அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டு, வண்டிக்குச் சொன்ன லோடை ஏற்றுவதே.

பின் டிரம்மில் ஒரு ஷூ மட்டும் தேய்ந்திருந்தால்

லைனர் ஒட்டியிருக்கும் இரண்டு ஷூவில் முன்பக்க ஷூ அதிகம் தேய்வது இயல்பு. டிரம் சுழலும் திசை அதை இன்னும் உள்ளே இழுத்து அழுத்தும், அதனால் வேலையும் அதற்கே அதிகம். இடதும் வலதும் மாறினால் மட்டும் தேடுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் ஒரு பக்கம் விடாமல் நிற்பதுதான் பெரும்பாலும் காரணம். லைனர் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டரோ அச்சு ஆயில் சீலோ கசிகிறது. கசிவை நிறுத்தி, லைனரை இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

திரும்ப மாட்டும்போது

காரணத்தைச் சரிசெய்தபின், தேய்ந்தது ஒரு பேட் என்றாலும் முன் அச்சின் நான்கையும் புதிதாகப் போடுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் அதன் மேலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவாதீர்கள், மாற்றிவிடுங்கள். ஹப்பில் டிஸ்க் உட்காரும் முகத்தைத் துருவில்லாமல் துடையுங்கள். அங்கே ஒரு துணுக்கு துரு இருந்தாலும் டிஸ்க் கோணலாகச் சுற்றும். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள்.

வண்டியை எடுக்கும்முன், பெடல் கெட்டியாகும்வரை நின்ற இடத்திலேயே மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் இரண்டு மூன்று மிதிக்குப் பிரேக்கே இருக்காது. அப்புறம் காலிச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, நடுவில் ஆற விட்டு, எட்டுப் பத்து முறை ஓட்டிப் பேடை டிஸ்க்கோடு பழக்குங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் இரண்டு முன் வீலின் சூட்டை மறுபடி ஒப்பிடுங்கள். 5,000 கிலோமீட்டரில் வீலைக் கழற்றி நான்கு பேடின் கனத்தையும் அளந்து, முதலில் எழுதிய தாளிலேயே பக்கத்தில் எழுதுங்கள். நான்கு எண்ணும் அரை மில்லிக்குள் ஒட்டி வந்தால் வேலை முடிந்தது. ஏதாவது ஒன்று மட்டும் முந்தி இறங்கியிருந்தால், அந்த வீலின் பிராக்கெட் கிளிப்பைக் கழற்றி அடியில் பாருங்கள்.